பழைய கேசட்டில் இருக்கும் ஸ்பெக்ட்ரம் நிரல்களை இன்றைய மடிக்கணினியில் இயக்கும் முறை

குவைத்தில் வேலை பார்த்த என் சித்தப்பா 1986-ஆம் ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கணினி, தக்கலையில் உள்ள எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகள் உழைத்துவிட்டு ஒருநாள் நின்றுபோனது. கணினி போனாலும், நானும் அண்ணனும் அதில் எழுதிய நிரல்களை ஒலியாகப் பதிந்த கேசட்டுகள் மச்சில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் தங்கிவிட்டன. அவற்றை வெளியே எடுத்து, ஒலியைக் கோப்பாக்கி, இன்றைய மடிக்கணினியில் எமுலேட்டர் வழியாக மீண்டும் ஓடவைத்த அனுபவத்தில் கற்றதை இங்கே முறைப்படி எழுதுகிறேன். புகழ்பெற்ற விளையாட்டுகளை உலகில் எவரேனும் ஒருவர் பாதுகாத்துவிடுவார். ஆனால் நம் வீட்டில், நம் கையால் எழுதப்பட்ட நிரலுக்கு அந்த ஒரே கேசட்டைத் தவிர வேறு பிரதி இல்லை. ஆகவே இந்தக் குறிப்பில் கேசட்டை மீட்கும் வேலைக்கே மிகுதியான இடம் கொடுத்திருக்கிறேன்.

எமுலேட்டர் என்பது பழைய கணினியின் செயலி, நினைவகம், திரைச் சில்லு, ஒலி ஆகிய அனைத்தையும் மென்பொருளால் அப்படியே நடித்துக் காட்டும் ஒரு நிரல். இதில் கடினமானது காலக்கணக்கு. 1982 ஏப்ரலில் வெளிவந்த ஸ்பெக்ட்ரத்தில் இருந்த இசட்80 செயலி வினாடிக்கு 35 லட்சம் துடிப்புகளில் ஓடியது. திரையின் ஒரு சட்டத்தை, அதாவது ஒரு முழுப் படத்தை, வரைந்து முடிக்க 312 வரிகள், வரிக்கு 224 துடிப்புகள் என 69,888 துடிப்புகள் ஆயின. திரையை வரையும் சில்லும் செயலியும் ஒரே நினைவகப் பகுதியைத் தொடும்போது செயலி சற்றுக் காத்திருக்க வேண்டும் என்ற நுணுக்கம்கூட அந்தக் கணினியில் உண்டு. இவற்றையெல்லாம் துடிப்பு தவறாமல் பின்பற்றும் எமுலேட்டரில் மட்டுமே ஓரத்தில் வண்ணக் கோடுகள் வரையும் நிரல்களும், தமக்கென்று தனி ஏற்றுமுறை வைத்திருக்கும் கேசட்டுகளும் சரியாக இயங்கும். ஸ்பெக்ட்ரத்துக்கு ஃப்யூஸ் என்ற இலவச எமுலேட்டரைப் பரிந்துரைக்கிறேன். அது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது; மிகப் பழைய மடிக்கணினிக்கும் அது சுமையாக இராது.

எமுலேட்டரோடு ரோம் கோப்பும் வேண்டும். கணினியை இயக்கியதும் முதலில் ஓடும், அதன் சில்லிலேயே எழுதப்பட்ட 16 கிலோபைட் நிரல் அது. சின்க்ளேரின் கணினித் தொழிலை 1986-இல் வாங்கிய ஆம்ஸ்டிராட் நிறுவனம், ஸ்பெக்ட்ரம் ரோமை எமுலேட்டர்களோடு சேர்த்து வழங்கலாம் என்று 1999-இல் அனுமதி அளித்தது. அதனால் ஸ்பெக்ட்ரம் பயனர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ்களில் மட்டும் ரோம் கோப்புகளைத் தனித் தொகுப்பாக நிறுவ வேண்டியிருக்கும். நிரல்களைப் பொறுத்தவரை, முறையாக நம் கையில் உள்ள பிரதியிலிருந்து, இழப்பு நேராமல் காக்கும் பொருட்டு மறுபிரதி எடுத்துக்கொள்வதை 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நாமே எழுதிய நிரலுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இனி கேசட்டுக்கு வருவோம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. இந்த ஈரத்தில் நாற்பது ஆண்டுகளாகக் கிடந்த ஒலிநாடாவில் பூஞ்சை பிடித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, சன்னல் போன்ற கண்ணாடிப் பகுதி வழியாக நாடாச் சுருளின் பக்கவாட்டைப் பாருங்கள். பழுப்பாக, மழமழவென்று இருந்தால் நல்லது. வெண்மையான பொடியோ புள்ளிகளோ தெரிந்தால் அந்தக் கேசட்டை எந்தக் காரணத்துக்காகவும் உடனே ஓடவிடக் கூடாது. பூஞ்சை, டேப் ரிக்கார்டரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவிவிடும்; ஒட்டிக்கொண்ட சுற்றுகள் பிரியும்போது காந்தப்பூச்சும் உரிந்து போகும்.

அப்படிப்பட்ட கேசட்டை முதலில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிபோட்ட டப்பாவில் இரண்டு வாரம் வைத்து உலர்த்த வேண்டும். வெயிலில் வைக்காதீர்கள், நாடா நெளிந்துவிடும். உலர்ந்த பிறகு முகக்கவசம் அணிந்துகொண்டு, வீட்டுக்கு வெளியே, மூலைகளிலும் நடுவிலும் உள்ள ஐந்து திருகுகளைக் கழற்றிக் கூட்டைத் திறந்து, சுருளின் பக்கவாட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட மென்துணியால் துடைத்து, அதே அளவுள்ள வேறொரு நல்ல கேசட்டின் கூட்டுக்குள் மாற்றி வைக்கலாம். இந்த வேலையை மாசி, பங்குனி மாதங்களில் வைத்துக்கொள்வது என் வழக்கம். ஆனி, ஆடிச் சாரலில் திறந்த கேசட்டில் துடைத்த ஈரம் எளிதில் காய்வதில்லை.

ஓடவிடும் டேப் ரிக்கார்டர் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். நாகர்கோவிலில் பழைய மின்னணுப் பொருள்களைப் பழுதுபார்க்கும் கடைகளில் கேட்டால் புது பெல்ட் போட்டுத் தருவார்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே பாதிக் குறைகள் தீர்ந்துவிடும். ஹெட்டையும், நாடாவை இழுக்கும் ரப்பர் உருளையையும், அதை ஒட்டிச் சுழலும் உலோக அச்சையும் பஞ்சினால் சுத்தம் செய்யுங்கள். பிறகு கேசட்டை ஒருமுறை கடைசி வரை ஓட்டி, மறுபடியும் முன்னால் சுற்றிக்கொள்ளுங்கள்; இறுகிக் கிடந்த சுற்றுகள் தளரும்.

அடுத்தது ஹெட்டின் சாய்வு. பலருடைய முயற்சி இந்த இடத்தில்தான் தோற்கிறது. ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். கேசட்டைப் பதிந்த பெட்டியின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் நம் பெட்டியின் ஹெட்டும் இருந்தால்தான் கூர்மையான ஒலி கிடைக்கும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது சிறு திருப்புளியால் அந்தத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்புறமும் அப்புறமும் திருப்பி, கீச்சென்ற ஒலி எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பதிந்த பெட்டி மாறியிருந்தால் ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருக்கும்.

எதைக் கேட்கிறோம் என்று தெரிந்துகொண்டால் காது நல்ல கருவியாகிவிடும். ஸ்பெக்ட்ரம் பதிவில் முதலில் வருவது ஏறத்தாழ 5 வினாடி நீடிக்கும், 807 ஹெர்ட்ஸ் அளவுள்ள சீரான முன்னோட்ட ஒலி. அதைத் தொடர்ந்து நிரலின் பெயரும் அளவும் அடங்கிய 17 பைட் தலைப்பு சட்டென்று கேட்டு முடியும். சற்று இடைவெளிக்குப் பின் 2 வினாடி முன்னோட்டமும், அதன்பின் உண்மையான தரவும் வரும். தரவில் பூஜ்யம் என்றால் ஏறக்குறைய 2,047 ஹெர்ட்ஸில் ஓர் அலை, ஒன்று என்றால் அதில் பாதியான 1,023 ஹெர்ட்ஸில் ஓர் அலை. இரண்டும் கலந்து வருவதால்தான் அந்தக் கரகரப்பு. சராசரியாக வினாடிக்கு 1,360 பிட்டுகளுக்குச் சற்று மேல் என்ற வேகத்தில், ஒரு முழுத் திரைக் காட்சியின் 6,912 பைட்டுகள் ஏற 40 வினாடி ஆகும். 48 கிலோபைட்டையும் நிரப்ப ஏறக்குறைய 5 நிமிடம் ஆகும். முன்னோட்ட ஒலி நடுங்கினால் பெல்ட்டைப் பாருங்கள். ஒலி மங்கலாக இருந்தால் ஹெட்டைப் பாருங்கள்.

கணினியில் பதிவதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். டேப் ரிக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து ஒரு வயரை மடிக்கணினியின் ஒலி உள்ளீட்டுக்குக் கொடுக்க வேண்டும். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் மைக்கும் ஹெட்போனும் ஒரே துளையில் இருப்பதால், உள்ளீட்டுத் துளை தனியாக உள்ள சிறிய யூஎஸ்பி ஒலிக்கருவி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பு என்று அமைத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கு இடையே வரும் இரைச்சலைக் குறைக்கும் வசதிகளை விண்டோஸின் ஒலி அமைப்புகளில் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். நம் நிரலின் ஒலியையே அது இரைச்சல் என்று எண்ணித் தின்றுவிடும். டேப் ரிக்கார்டரில் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தான் இருந்தால் அதுவும் அணைந்திருக்கட்டும். ஒலியளவை அலைகளின் உச்சி வெட்டுப்படாத அளவுக்கு வையுங்கள். இரு தடத்தில் பதிந்தால் இரண்டையும் ஒன்றாகக் கலக்காமல், இடம், வலம் ஆகியவற்றுள் தெளிவானது எதுவோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கலந்தால் அலைகள் ஒன்றையொன்று அழிக்கக்கூடும். கேசட்டின் இரு பக்கங்களையும், வெறுமையாகத் தோன்றும் இடங்களையும் சேர்த்து, முழுவதுமாகப் பதியுங்கள். பாட்டு முடிந்த பின் மிச்சமிருந்த நாடாவில் நிரலைச் சேமிப்பது அக்காலத்தில் எல்லா வீடுகளிலும் நடந்தது.

வேவ் கோப்பு கைக்கு வந்ததும் பெரும்பகுதி வேலை முடிந்துவிட்டது. ஃப்யூஸோடு கிடைக்கும் துணைக்கருவிகளில் ஆடியோ2டேப் என்பது அந்த ஒலியைப் படித்து டி.இசட்.எக்ஸ். என்ற நாடாக் கோப்பாக மாற்றித் தரும். நேரம் உள்ளவர்கள் மாற்றாமலேயே வேவ் கோப்பை ஃப்யூஸில் நேரடியாகக் கொடுத்தும் பார்க்கலாம். எஃப்9 விசையை அழுத்தி, கேசட் எந்தக் கணினியில் பதியப்பட்டதோ அதே கணினியைத் தேர்ந்தெடுங்கள். 128 கிலோபைட் நினைவகம் கொண்ட 128 கே ஸ்பெக்ட்ரத்தின் துடிப்பு வேகமும் சட்ட அளவும் சற்று வேறுபடுவதால், 48 கே-க்கு எழுதிய சில நிரல்கள் அதில் பிசகும். எஃப்7-ஆல் நாடாக் கோப்பைத் திறந்து, ஸ்பெக்ட்ரம் திரையில் ஜே விசையை அழுத்தினால் லோட் என்ற முழுச்சொல்லும் ஒரே விசையில் வந்துவிடும். பிறகு கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு பி விசையை இருமுறை அழுத்தினால் இரட்டை மேற்கோள் குறிகள் இரண்டு விழும். என்டர் அழுத்தி, எஃப்8-ஆல் நாடாவை ஓடவிடுங்கள். திரையின் ஓரத்தில் முன்னோட்டத்துக்குச் சிவப்பும் வெளிர்நீலமுமாகத் தடித்த பட்டைகளும், தரவுக்கு நீலமும் மஞ்சளுமாக மெல்லிய கோடுகளும் ஓடும். ஓரிரு நொடிகளில் ஏற்றிவிடும் வேக வசதி ஃப்யூஸில் இருக்கிறது. ஆனாலும் முதல்முறை அதை அணைத்துவிட்டு உண்மை வேகத்திலேயே பாருங்கள். எந்த நொடியில் கோடுகள் கலைகின்றன என்று தெரிந்தால், ஆடாசிட்டியில் அதே நொடியைப் பெரிதாக்கி நாடாவின் குறையைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எங்கள் கேசட்டில் எனக்கு மிகவும் வேண்டியதாக இருந்தது, திரையில் தமிழில் ஊர்ப்பெயர்களை எழுதிக் காட்டிய ஒரு சிறு நிரல். ஸ்பெக்ட்ரத்தின் நிரல்மொழியான பேசிக்கில் பயனரே வரைந்துகொள்ளும் எழுத்துகளுக்கு 21 இடங்கள் உண்டு. ஒவ்வோர் எழுத்தும் 8 வரிசை, 8 புள்ளி, ஆக 8 பைட். தமிழின் 247 எழுத்துகளுக்கு அது எந்த மூலைக்கும் காணாது என்பதால், 'கன்னியாகுமரி' என்ற பெயருக்குத் தேவையான க, ன், னி, யா, கு, ம, ரி ஆகியவற்றை மட்டும் கட்டம் போட்ட நோட்டில் வரைந்து, அகலமான எழுத்துக்கு இரண்டு கட்டங்கள் ஒதுக்கி, எண்களாக மாற்றிச் சேர்த்தோம். நிரலைச் சேமிக்கும்போது இந்த எழுத்துகள் கூடவே சேமிக்கப்படுவதில்லை. 21 எழுத்துக்கும் சேர்த்து 168 பைட்டை ஒரு தனித் தொகுதியாகப் பதிய வேண்டும். நாடாவில் அதன் தரவு ஒரே ஒரு வினாடி.

அந்த ஒரு வினாடியில்தான் எங்கள் கேசட்டில் பூஞ்சை இருந்தது. பேசிக் நிரல் பழுதின்றி ஏறியது. எழுத்துத் தொகுதியில் 'ஆர் டேப் லோடிங் எரர்' என்று நின்றுவிட்டது. ஒவ்வொரு தொகுதியின் கடைசியிலும் சரிபார்ப்புக்காக ஒரு பைட் இருக்கிறது. அது பிழை உண்டு என்பதைச் சொல்லும், எங்கே என்பதைச் சொல்லாது. ஆயினும் பிழை வரும்வரை ஏறிய பைட்டுகள் நினைவகத்திலேயே இருப்பதால், எழுத்துகளைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தேன். முதல் மூன்றும் முழுமையாக இருந்தன. நான்காவதற்குப் பிறகு புள்ளிகள் சிதறியிருந்தன. அண்ணன் எதையும் இரண்டு முறை அடுத்தடுத்துப் பதியும் வழக்கமுடையவன். அதே பக்கத்தில் சற்றுத் தள்ளி இரண்டாவது பதிவு இருந்தது. அதில் குறை வேறோர் இடத்தில் இருந்ததால், இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிட்டு ஒரு முழுத் தொகுதியைச் சேர்த்துவிட முடிந்தது. உங்கள் கேசட்டில் ஒரு தொகுதி கெட்டிருந்தால், மனம் தளரும் முன் அதன் மறுபதிவு எங்கேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால், ஹெட்டின் சாய்வை மயிரிழை மாற்றி அதே இடத்தை மூன்று நான்கு முறை பதிந்து, ஒவ்வொன்றையும் மாற்றிப் பாருங்கள்.

திரையைப் பற்றிச் சில சொற்கள். இந்தியத் தொலைக்காட்சிகள் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில், வினாடிக்கு 50 முறை திரையை வரையும் கணக்கில் இயங்கியவை. ஸ்பெக்ட்ரமும் ஏறக்குறைய 50.08 சட்டங்கள் வரைந்தது. மடிக்கணினித் திரை 60 முறை புதுப்பிக்கப்படுவதால் ஒவ்வொரு ஐந்து சட்டங்களுக்கும் ஒன்று இருமுறை காட்டப்பட்டு, நகரும் படம் விட்டுவிட்டுத் துள்ளும். எச்டிஎம்ஐ வழியாக வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து, காட்சி அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் துள்ளல் நின்றுவிடும். படத்தை 16:9 அகலத்துக்கு இழுக்காமல், 256-க்கு 192 என்ற அளவை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்ணில் மட்டும் பெரிதாக்குங்கள். ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி பிந்தி வரும். வயர் உள்ளதே நல்லது.

வீட்டில் இருந்தது வேறு கணினியாக இருக்கலாம். வளைகுடாவில் அந்நாளில் விற்ற சக்ர் கணினிகள் எம்எஸ்எக்ஸ் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு ஓப்பன்எம்எஸ்எக்ஸ் என்ற எமுலேட்டர் உண்டு, அதோடு ரோமுக்குப் பதிலாகப் பயன்படும் இலவசமான சி-பயாஸும் கிடைக்கும். கமடோர் 64-க்கு வைஸ் என்ற எமுலேட்டர் தொகுப்பில் உள்ள எக்ஸ்64எஸ்சி-யைத் தேர்ந்தெடுங்கள். அதன் வட்டுக் கோப்பு ஒன்று ஏறக்குறைய 170 கிலோபைட். முதல் நிரலை ஏற்ற, லோட் என்பதை அடுத்து மேற்கோளுக்குள் உடுக்குறி, பிறகு 8,1 என்று கொடுத்து, ஏறியதும் ரன் என்று தட்டச்சிட வேண்டும். பள்ளிகளில் கணினிக் கல்வி கொடுக்க 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் வந்தவை பிபிசி மைக்ரோ கணினிகள். பள்ளியில் அதைத் தொட்டுப் பழகியவர்கள் எதையும் நிறுவாமல் உலாவியிலேயே ஜேஎஸ்பீப் என்ற எமுலேட்டரைத் திறந்து பார்க்கலாம். அதில் எஃப்12 விசைதான் பிபிசி மைக்ரோவின் பிரேக் விசை. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அதை அழுத்தினால் வட்டிலிருந்து நிரல் தானே தொடங்கும். ஐந்தேகால் அங்குல வட்டுகள் வைத்திருப்பவர்களுக்குக் கடையில் கிடைக்கும் யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் உதவாது. பழைய டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடித்து, கிரீஸ்வீசில் போன்ற ஒரு சிறு பலகை வழியாக இணைத்துக் காந்தத் தடத்தையே படிக்க வேண்டும்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பின் எதைச் சேமிப்பது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். எஃப்2 விசை அந்த நொடியின் முழு நினைவகத்தையும் ஒரு நிலைக்கோப்பாகச் சேமிக்கும்; விட்ட இடத்திலிருந்து தொடர அது வசதி, ஆனால் அதிலிருந்து கேசட்டைத் திரும்ப உருவாக்க முடியாது. ஆகவே முதலில் பதிந்த வேவ் கோப்பை அழிக்கவே கூடாது. நாளை இதைவிட நல்ல மாற்றுக்கருவி வந்தால் அதற்குக் கொடுக்க வேண்டியது அந்த ஒலிதான். இடம் மிச்சமாக வேண்டுமென்றால், தரம் குறையாத ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்றுங்கள், எம்பி3 வேண்டாம். ஒலி, நாடாக் கோப்பு, நிலைக்கோப்பு மூன்றையும் ஒரே கோப்புறையில் போட்டு, எந்தக் கேசட், எந்தப் பக்கம், எந்தக் கணினி, எந்த நாளில் பதியப்பட்டது என்று ஓர் உரைக்கோப்பும் எழுதி, வீட்டில் ஒரு வட்டிலும் வேறோர் ஊரில் உள்ள உறவினரிடம் இன்னொரு வட்டிலும் வையுங்கள். கேசட்டின் உள்ளட்டையையும் இரு பக்கமும் படமெடுத்துச் சேருங்கள். எங்கள் கேசட்டின் அட்டையில், டேப் ரிக்கார்டரின் எண்காட்டியில் எந்த எண்ணில் எந்த நிரல் தொடங்குகிறது என்று அண்ணன் பென்சிலால் குறித்து வைத்திருந்தான். எழுத்துத் தொகுதியின் இரண்டாவது பதிவு எங்கே இருக்கிறது என்பதை நான் கண்டுபிடித்தது அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான்.